ஆறு பெயரில் ஒரு குரல்

போன மாதம் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் இளைஞர் பேசினார். நர்சிங் மாணவிகள் பயன்படுத்தும் ஆன்லைன் ஆங்கிலத் தளத்தைப் பற்றி அவர்களுடைய கருத்தைத் திரட்டித் தரும்படி நிர்வாகம் கேட்டிருக்கிறதாம். அவர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இணைப்பைப் போட்டிருக்கிறார். டீ ஆறுவதற்குள் வகுப்பு முழுவதும் பதில் அனுப்பிவிட்டது. எல்லோரும் ஐந்து நட்சத்திரம்.

"சந்தோஷப்படறதா சந்தேகப்படறதான்னு தெரியல சார். நீங்க இருந்தப்ப எப்படி எடுத்தீங்க?" என்றார்.

போனில் சொல்லி முடிகிற விஷயமல்ல, எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முதல் வேலை ஒரு நாளிதழில். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அச்சகம், அதன் மாடியில் எங்கள் மேசை. நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தித் தலைப்புப் போடும் உதவி ஆசிரியர் நான். அந்தப் பதிப்பு மூடப்பட்டபோது கையில் ஆங்கில எம்.ஏ. இருந்தது. வேலப்பன்சாவடிப் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருந்த நர்சிங் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தேன். கேசட் காலத்தில் மொழி ஆய்வகத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அது என்னிடமே இருந்தது.

நர்சுகளுக்கான ஆங்கிலம் தனி. அதில் அழகுக்கு வேலை கிடையாது. டாக்டர் போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். ஷிப்ட் மாறும்போது தன் நோயாளியைப் பற்றி அடுத்து வரும் நர்சிடம் வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஹேண்ட்ஓவர் என்று பெயர். சொன்னதைக் குறிப்பாகவும் எழுதி வைக்க வேண்டும். ஒரு சொல் விடுபட்டால் ஒரு ஆளுக்கு ஆபத்து. பத்திரிகையில் பிழை செய்தால் மறுநாள் திருத்தம் போடலாம். இங்கே அந்த வசதி இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில காலம் பிடித்தது.

புரிய வைத்தவர் பிரின்சிபால் சரோஜினி மேடம். அரசு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து வந்தவர். வெளியே போய்விட்டு அறைக்குத் திரும்பினால் முதலில் கை கழுவுவார். யார் எவ்வளவு அவசரமாக நின்றாலும் விரல் இடுக்குகள் முடியும்வரை பேசமாட்டார். எந்த அறிக்கையையும் உட்கார்ந்து படித்ததில்லை. ஜன்னலருகே நின்று, பேனா மூடியைத் திறக்காமல், ஒருமுறை முழுவதும் படிப்பார். பிறகுதான் மூடியைத் திறப்பார். புகார் கொண்டுபோனால் ஒரே கேள்வி: "நீங்க பாத்ததா, கேட்டதா?" கேட்டது என்றால், "யார்கிட்ட?" பதில் சொன்னதும், நாம் சொன்னதை அவர் நமக்கே திரும்பச் சொல்லிக் காட்டுவார். அப்படி அவர் வாயிலிருந்து கேட்கும்போது பாதிப் புகார்கள் தாமாக உதிர்ந்துவிடும். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

ஊரடங்கு முடிந்து கல்லூரி திறந்த பிறகு அந்த ஆன்லைன் தளம் வந்தது. செவிலியர் ஆங்கிலத்துக்கென்றே செய்தது. கேட்டல், பேசுதல், எழுதுதல், மருந்துச் சீட்டுப் படித்தல், மருத்துவச் சொற்கள், நோயாளியிடம் கேள்வி கேட்டல் என்று ஆறு பகுதிகள். எல்லாவற்றையும் முடித்தால் சான்றிதழ். அயர்லாந்து மருத்துவமனை ஒன்று எங்கள் இறுதியாண்டு மாணவிகளைத் தேர்வு செய்ய முன்வந்திருந்தது. இங்கே ஒரு வருடம் வேலை பார்த்த பின் அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு. நேர்காணலில் உட்கார அந்தச் சான்றிதழ் வேண்டும்.

தளத்தை அடுத்த ஆண்டும் தொடர்வதா என்று முடிவு செய்யும் முன் மாணவிகள் என்ன நினைக்கிறார்கள் என்று மேடத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. "கம்பெனிக்காரங்க ஒரு படிவம் அனுப்பியிருக்காங்க. அதுல 'மிக நன்று'ல ஆரம்பிச்சு 'நன்று'ல முடியுது. நீங்க பேப்பர்ல இருந்தவர்தானே, நீங்களே கேட்டு எழுதுங்க" என்றார்.

ஆய்வகத்தின் கடைசி வரிசையில் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். எதிரெதிரே போட்டால் வாய்மொழித் தேர்வு மாதிரி ஆகிவிடும். கதவு திறந்திருக்கும். ஒருமுறைக்கு ஒருத்தி. பெயர் எங்கும் வராது என்று முதலிலேயே சொல்வேன். "எப்படி இருக்கு?" என்று கேட்கமாட்டேன். "கடைசியா எப்ப அதைத் திறந்தே? என்ன பண்ணினே?" என்றுதான் தொடங்குவேன். கருத்தைக் கேட்டால் நமக்குப் பிடித்த கருத்துதான் கிடைக்கும். செய்ததைக் கேட்டால் செய்தி கிடைக்கும். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டி, "இதுதானே சொன்னே?" என்று கேட்ட பிறகே அடுத்தவளை அழைப்பேன்.

நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது. "கிளாஸ்ல தப்பா பேசினா சிரிப்பாங்க. அது சிரிக்காது சார்" என்றாள் ஒருத்தி. அடுத்து வந்தவள், "கரெக்டா பேசினாலும் சும்மாத்தான் கீது சார்" என்றாள். அதில் வரும் நோயாளிகள் யாருக்கும் கூட வந்து தங்க ஆள் இல்லையே, அது எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று ஒருத்தி கேட்டாள். ஆவடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் பயணத்தில் பயிற்சி செய்ய முயன்று, கண்டக்டர் விசிலை மைக் அவளுடைய பதிலாக எடுத்துக்கொண்டு மதிப்பெண் போட்டதைச் சொன்னாள். பெரும்பாலோர் சொன்ன குறை ஒன்று உண்டு. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஹெட்செட், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கும் என்று நினைத்துத் தளத்தைச் செய்திருக்கிறார்கள். அப்படி ஓர் அறை இவர்களில் யாருக்கும் இல்லை.

மருத்துவமனைப் பயிற்சிக்கு மாணவிகளை ஆறாறு பேராகப் பிரித்து அனுப்புவது வழக்கம். அப்படிப்பட்ட ஒரு குழுவில் மூன்று பேரிடம் ஒரே காலையில் பேசினேன். தர்மபுரியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த மகாலட்சுமி, "அது பூரா எழுத்து வேலை சார். டைப் அடிச்சு அடிச்சு விரலே வலிக்குது" என்றாள். கரையான்சாவடி ஸ்டெஃபி வந்தாள். பேச்சில் யாரையும் விட்டுவைக்காத பெண். "இன்னா எழுத்து? அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சார். ஒரு படம் காட்டுவான், கீழ நாலு வார்த்தை. கரெக்டானத தட்டிகினே இருக்கணும். எங்க ஊட்ல தங்கச்சி கூட கேமுன்னு நெனச்சு வந்து தட்டும்." மூன்றாவதாக வந்த கௌசல்யா, "பேசிட்டே இருக்கணும் சார். தொண்டை கட்டிக்கிச்சு" என்றாள்.

ஒரே விபத்துக்குப் போன மூன்று நிருபர்கள் மூன்று சாலைகளின் பெயரை அனுப்பினால் மேசையில் இருப்பவன் என்ன செய்வான்? மறுபடி போன் போடுவான். ஸ்டெஃபியைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, அதுல பேசற பயிற்சி இல்லியா?"

"கீதே சார். அது கௌசி டியூட்டி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர்கள் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையில் ஆட்கள் குறைவு. ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று பாடத்தில் இருக்கும். வார்டில் அப்படி நடக்காது. ஒருத்தி எல்லாப் படுக்கைக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பாள், ஒருத்தி எல்லோருக்கும் ஊசி, ஒருத்தி கட்டு மாற்றுவாள், ஒருத்தி உட்கார்ந்து எல்லோருடைய குறிப்பையும் எழுதுவாள். வேலை சீக்கிரம் முடியும். அந்தப் பழக்கத்தை இந்த ஆறு பேரும் தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆறு பகுதிகள், ஆறு பேர். ஒரு பகுதியை ஆறு பேருடைய கணக்கிலும் நுழைந்து ஒருத்தியே முடிப்பாள். எழுதுவது முழுக்க மகா, சொற்கள் முழுக்க ஸ்டெஃபி, பேசுவது முழுக்க கௌசல்யா. இது ஏமாற்று என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. "டியூட்டி பிரிச்சுக்கிட்டோம்" என்றுதான் சொன்னார்கள்.

நான் அறிக்கையை எழுதத் தொடங்கும் முன் கம்பெனியிலிருந்து மேடத்துக்குத் தகவல் வந்தது. பல கணக்குகளில் ஒரே குரல் பதிவாகியிருக்கிறது. யாருடைய குரல், எந்தெந்தக் கணக்குகள் என்று கல்லூரி விசாரித்துச் சொல்லும்வரை இறுதியாண்டு வகுப்பு முழுவதற்கும் சான்றிதழ் கிடையாது. அயர்லாந்து நேர்காணலுக்கு மூன்று வாரம் இருந்தது.

மேடம் கை கழுவிவிட்டு வந்து ஜன்னலருகே நின்றார்.

"நீங்கதான் எல்லார்கிட்டயும் பேசினீங்க. யார் குரல்?"

"தெரியும் மேடம். பேர் வராதுன்னு சொல்லித்தான் பேச வச்சேன்."

"பேர் வராதுன்னு சொல்லிப் பேச வச்சீங்க" என்று அதையே திரும்பச் சொன்னார். "அப்ப எங்கிட்ட சொல்லாதீங்க. அந்தப் பொண்ணுகிட்ட போய், யார் குரல்னு பிரின்சிபால் கேட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க."

சான்றிதழ் நின்ற விஷயம் அதற்குள் வகுப்பு முழுவதும் பரவியிருந்தது. கேன்டீனில் கௌசல்யாவும் ஸ்டெஃபியும் ஒரே பிளேட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். சொன்னேன். கௌசல்யா கை அப்படியே நின்றது. அவளுடைய அப்பா ஆவடி டாங்க் தொழிற்சாலையில் வேலை. அவள் பிறந்ததிலிருந்து குடியிருப்பது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அப்பா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார், வீட்டைக் காலி செய்ய வேண்டும், தம்பி பிளஸ் ஒன். அந்த நேர்காணலை நம்பி வீட்டில் என்னென்ன பேசியிருந்தார்களோ, அதெல்லாம் அவள் முகத்தில் தெரிந்தது.

ஸ்டெஃபிதான் பேசினாள். "இத்தினி நாளு இவ வாய தொறந்ததால ஆறு பேருக்கும் மார்க்கு. இப்ப வாய தொறந்தா ஆறு பேரும் காலி. தொறக்கலன்னா கிளாசே காலி. இன்னா சார் கணக்கு இது?"

"நீ சும்மா இருடி" என்றாள் கௌசல்யா.

மறுநாள் காலை அவள் சீருடையில் மேடம் அறை வாசலில் நின்றாள். சற்றுத் தள்ளி மற்ற ஐந்து பேரும் நின்றார்கள். மேடம் என்னையும் உள்ளே இருக்கச் சொன்னார்.

"அது என் குரல்தான் மேடம்."

"எத்தனை பேருக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் ஸ்டெஃபி கதவுக்குள் தலையை நீட்டினாள். "நாங்களும்தான் மேடம். அவ பேசினா. நாங்க மத்ததெல்லாம் பண்ணினோம்." டியூட்டி பிரித்த கதை முழுவதும் வந்தது. மேடம் குறுக்கிடாமல் கேட்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அந்த வார்டு பழக்கத்தை அவர் நாற்பது வருடமாகப் பார்த்திருக்கிறார், எதிர்த்தும் இருக்கிறார்.

"வார்டுல ஒருத்தி எல்லா பெட்டுக்கும் ஊசி போடறா. சார்ட்ல யார் கையெழுத்துப் போடணும்?"

"போட்டவங்க மேடம்."

"நீ ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கே. நீங்க அஞ்சு பேரும் அதையேதான் பண்ணியிருக்கீங்க."

கௌசல்யா அழவில்லை. "கிளாஸ்ல மத்தவங்களுக்குக் கெடைச்சுடுமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

கம்பெனி மற்றவர்களுக்குச் சான்றிதழை விடுவித்தது. இந்த ஆறு கணக்குகளையும் ஓராண்டுக்குப் பூட்டியது. அன்று மாலை மேடம் அயர்லாந்து மருத்துவமனையின் நர்சிங் மேலாளருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசிய பெண் கேரளத்திலிருந்து போய் அங்கேயே இருந்துவிட்டவர். மேடம் ஆங்கிலத்தில் நாலு வாக்கியம்தான் பேசினார். என் மாணவிகள் ஆறு பேரிடம் சான்றிதழ் இல்லை. காரணம் இது. அவர்களாகவே வந்து சொன்னார்கள். நீங்களே சோதித்துப் பார்க்கலாம், வேண்டாம் என்றால் வற்புறுத்தமாட்டேன். நல்ல பிள்ளைகள், ஏழைக் குடும்பம், எதிர்காலம் என்ற எந்தச் சொல்லும் அதில் இல்லை. சோதிக்கிறேன், ஆனால் ஒவ்வொருத்தியையும் எல்லாப் பகுதியிலும் சோதிப்பேன் என்று பதில் வந்தது.

மூன்று வாரமும் அந்த ஆறு பேர் ஆய்வகத்தில் கணினிகளை அணைத்துவைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எந்தப் பகுதியை எவள் எல்லோருக்காகவும் செய்தாளோ, அவள் அதை மற்ற ஐந்து பேருக்கும் சொல்லிக்கொடுத்தாள். நான் சாவியை வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தேன். என்னிடம் அவர்கள் அதிகம் கேட்கவில்லை.

கௌசல்யா ஸ்டெஃபியைப் பேச வைத்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டெஃபி தமிழில் வாயாடி, ஆங்கிலத்தில் ஊமை. கௌசல்யா மேசை மேல் படுத்துக்கொண்டு நோயாளியானாள். "வலிக்குதுன்னு சொல்றேன்ல? எங்கன்னு கேளு. ஐயோ, இங்கிலீஷ்ல கேளுடி, செத்துடப் போறேன்." ஸ்டெஃபி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். இரண்டாவது வாரம் சிரிக்காமல் கேட்டாள்.

கௌசல்யாவுக்கு எழுத்து வரவில்லை. வாயால் ஒப்படைக்கும்போது ஒன்றும் விடாதவள், அதையே எழுதும்போது மூன்றில் ஒன்றை விட்டாள்.

"பேசறத அப்படியே எழுதேன்டி" என்றாள் மகா.

"பேசும்போது எதிர்ல ஒரு மூஞ்சி இருக்கு. நான் எதை விட்டேன்னு அந்த மூஞ்சியிலயே தெரியும். பேப்பர்ல யார் இருக்கா?"

ஸ்டெஃபி நாற்காலியை இழுத்து அவள் முன்னால் போட்டாள். "நான் கீறேன். நைட் டியூட்டிக்கு வரேன்னு வச்சுக்கோ. பாதித் தூக்கத்துல வருவேன், உன்ன எழுப்பிக் கேக்கமாட்டேன். எனக்கு இன்னா தெரியணுமோ அத எழுது." அது கொஞ்சம் பலித்தது. முழுக்கப் பலிக்கவில்லை.

சோதனை வீடியோவில் நடந்தது. இணைப்பைப் பார்த்துக்கொள்ள நான் அறையில் இருந்தேன். கேட்க வேண்டியது, பேச வேண்டியது, எழுத வேண்டியது எல்லாம் முடிந்ததும் அந்த மேலாளர் கௌசல்யாவிடம் கேட்டார்: அங்கே வந்த பிறகு ஒரு தோழி, தன் வேலையை நீ செய்துவிடு என்று கேட்டால் என்ன செய்வாய்? அவளாகச் செய்து முடிக்கும்வரை அவள் பக்கத்தில் நிற்பேன் என்றாள். அவளுடைய ஆங்கிலம் தெளிவாக இருந்தது. மேலாளர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். வெளியே வந்தபோது அவள் தேர்வாகிவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

முடிவு நாலு நாள் கழித்து மதியம் வந்தது. ஆறு பேரில் மூன்று பேர். மகா, ஸ்டெஃபி, இன்னொருத்தி. கௌசல்யா இல்லை. காரணமும் சொல்லியிருந்தார்கள். ஒப்படைக்கும்போது நோயாளிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று தெளிவாகச் சொன்னாள், எழுதிய குறிப்பில் அது இல்லை.

அடுத்த ஆண்டு பூட்டு விலகியதும் அவள் தன் கணக்கில் ஆறு பகுதிகளையும் முடித்து அயர்லாந்துக்குத் தேர்வானாள். குடும்பம் அதற்குள் பட்டாபிராமில் வாடகை வீட்டுக்கு மாறியிருந்தது. பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே அதைச் செய்தாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மதியம் இது யாருக்கும் தெரியாது.

தளம் தொடரட்டும் என்று என் அறிக்கையைப் படித்துவிட்டு மேடம் முடிவு செய்தார். பயிற்சி நேரம் பாடவேளைக்குள் வந்தது. இருவர் இருவராக, முதலில் நேருக்கு நேர், பிறகு திரையில். எழுதும் பகுதிக்கு மட்டும் தேர்வு, எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து. மாணவிகளின் கருத்து என்பதற்கு அந்தக் கல்லூரியில் கிடைத்த பலன் அது. போனில் கேட்ட இளைஞர் அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

முடிவு வந்த மதியம் ஆய்வகத்தில் கௌசல்யா, ஸ்டெஃபி, மகா மூவரும் இருந்தார்கள். கௌசல்யா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டெஃபி வீட்டுக்குப் போன் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நீ கத்துக்குடுத்தத பேசிட்டு நான் போறேன். நீ இங்க கீற. எனக்கு நல்லா இல்லடி."

"உங்கம்மாவுக்கு முதல்ல சொல்லு. அப்புறம் வந்து அழு" என்றாள் கௌசல்யா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், லேப் எப்ப மூடுவீங்க?"

"நீங்க கிளம்பற வரைக்கும் இருக்கேன்."

"எழுதற பகுதி மட்டும் மறுபடி பாக்கணும்."

அவள் கணக்கு பூட்டியிருந்தது. ஸ்டெஃபி உடனே, "சாரோட லாகின் கீதுல்ல, அதுல உக்காரேன்" என்று என் கணினியைக் காட்டினாள். நான் மறுப்பதா என்று யோசிப்பதற்குள் கௌசல்யா சொல்லிவிட்டாள்.

"அது சாரோட பேரு."

பிரின்டர் தட்டிலிருந்து இரண்டு வெள்ளைத்தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். மகா நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பற்றி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். கௌசல்யா பேனாவைத் திறந்து, தாளின் மேலே முதலில் தன் பெயரை எழுதினாள்.